எஸ் பாஸ், அஞ்சாவது மாசம்: "ஃபாரினருக்கு பிரசவ லீவுக்கு சம்பளம் கிடையாது"ன்னு ஹெச்ஆர் சொல்றது உண்மையா?

பொங்கோல்_கீர்த்தி:
எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப எழுத வேண்டிய நிலைமை. நான் சிங்கப்பூர்ல எஸ் பாஸ்ல (நடுத்தர வேலைக்கு வர்ற ஃபாரினருக்கான வேலை அனுமதி) ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், சேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, வீட்டுக்காரரும் எஸ் பாஸ்தான், ஷிப்யார்டுல இருக்காரு. எனக்கு அஞ்சாவது மாசம், முதல் குழந்தை. போன வாரம் ஹெச்ஆர்ல இருக்கிற அக்கா பேன்ட்ரில கூப்பிட்டு, பிறக்கப்போற குழந்தை சிட்டிசன் இல்ல அதனால உனக்கு பெய்ட் லீவு வராது, வேணும்னா 12 வாரம் நோ பே எடுத்துக்கோன்னாங்க. அதோட விட்டிருந்தா பரவால்ல. நீயே ரிசைன் பண்ணிட்டு ஊருக்குப் போய் நிம்மதியா பெத்துக்கிட்டு வா, திரும்பி வந்ததும் புதுசா பாஸ் போட்டுக்கலாம்னு சொல்லி சாயங்காலமே வாட்ஸ்அப்ல ஒரு ரிசிக்னேஷன் லெட்டரும் அனுப்பிட்டாங்க. என் பேரு, எஃப்ஐஎன் நம்பர் (இங்க ஃபாரினரோட அடையாள எண்), "பெர்சனல் ரீசன்"னு காரணம் எல்லாம் டைப் பண்ணி ரெடியா இருக்கு, தேதி இடம் மட்டும் காலி. பாஸ் முடியறது டியூ டேட்டுக்கு ரொம்ப மாசம் கழிச்சுதான். நான் என்ன பண்ணணும், யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

தேக்கா_மாமா:
அந்த லெட்டர்ல கையெழுத்து போடாதம்மா. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

அரவம்77:
சிஸ், எனக்குத் தெரிஞ்சு இங்க வேலை பாக்கற ஃபாரினர் பிரெக்னன்ட் ஆனாலே எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) பாஸ கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடும். கம்பெனி நல்லவிதமா சொல்லும்போதே போயிடறது பெட்டர். பிளாக்லிஸ்ட் ஆயிட்டா அப்புறம் உள்ளயே வரமுடியாது.

பக்கத்துசீட்_ஹெச்ஆர்:
அரவம் ப்ரோ, அரைகுறையா தெரிஞ்சத வச்சு வயித்துல புள்ளையோட இருக்கிற பொண்ண பயமுறுத்தாதீங்க. நீங்க சொல்றது ஒர்க் பெர்மிட்டுக்கு, அது குறைஞ்ச சம்பள வேலைக்கு வர்றவங்களோட பாஸ். எஸ் பாஸுக்கும், அதுக்கு மேல இருக்கிற இபிக்கும் (எம்ப்ளாய்மெண்ட் பாஸ்) அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது, இங்கயே கர்ப்பமாகலாம், இங்கயே பெத்துக்கலாம், பாஸுக்கு ஒண்ணும் ஆகாது.

கீர்த்தி, நான் இந்த ஊர்ல ஹெச்ஆர் வேலை பாத்து தலை நரைச்சவ, கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க. இங்க பிரசவ லீவுக்கு ரெண்டு சட்டம் இருக்கு. ஒண்ணு சைல்டு டெவலப்மெண்ட் கோ-சேவிங்ஸ் ஆக்ட், குழந்தை சிங்கப்பூர் சிட்டிசனா இருந்தா அதுல 16 வாரம். இன்னொண்ணு எம்ப்ளாய்மெண்ட் ஆக்ட், குழந்தை சிட்டிசன் இல்லன்னா அதுல 12 வாரம். உங்க ஹெச்ஆர் முதல் சட்டம் பொருந்தாதுன்னு சொல்றது வரைக்கும் சரி, அதுக்காக ரெண்டாவது சட்டத்தையும் சேர்த்து விழுங்கிட்டாங்க. அந்த 12 வாரத்துல முதல் 8 வாரத்துக்கு கம்பெனி முழு சம்பளம் குடுத்தே ஆகணும், கடைசி 4 வாரம்தான் சம்பளம் இல்லாம, அதுவும் உங்க கான்ட்ராக்ட்ல தர்றதா எழுதியிருந்தா வரும். சம்பளம் வர ரெண்டே ரெண்டு விஷயம் பாப்பாங்க: குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடி அந்த கம்பெனில தொடர்ச்சியா 3 மாசமாவது வேலை பாத்திருக்கணும், ஏற்கனவே ரெண்டு குழந்தை இருக்கக்கூடாது. உங்களுக்கு ரெண்டும் ஓகே. பாஸ்போர்ட் எந்த நாடுன்னு அந்தச் சட்டத்துல கேள்வியே இல்ல. 2019 ஏப்ரல்ல இருந்து மேனேஜர், எக்ஸிக்யூட்டிவ்னு எல்லாருமே அதுக்குள்ள வந்துட்டாங்க, சம்பள வரம்பும் போயிடுச்சு. வெளிய நிக்கறது கவர்மெண்ட் ஸ்டாஃப், கப்பல்ல வேலை பாக்கறவங்க, வீட்டு வேலைக்கு வந்தவங்க.

இன்னொரு விஷயம், லீவுக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியாவது நோட்டீஸ் குடுக்கணும், குழந்தை பிறந்ததும் சீக்கிரம் தெரிவிக்கணும். சரியான காரணம் இல்லாம இத விட்டா பாதி சம்பளம்தான் கிடைக்கும், இத யாரும் சொல்லித் தரமாட்டாங்க.

சொந்தக்கடை_சிராங்கூன்:
எல்லாரும் ஒரே பக்கமா பேசறீங்க, முதலாளி பக்கமும் கேளுங்க. நான் ஒம்பது பேர வச்சு சின்னதா தொழில் பண்றவன். எஸ் பாஸ் ஆளுக்கு லெவி (ஃபாரினர வச்சிருக்கறதுக்கு கவர்மெண்டுக்குக் கட்டற வரி) கட்டறோம், இன்சூரன்ஸ் போடறோம், இப்ப எட்டு வாரம் ஆளில்லாம சம்பளமும் குடுக்கணும், அந்த வேலையப் பாக்க இன்னொருத்தர எடுக்கணும்னா கோட்டா (ஒரு கம்பெனி எத்தனை ஃபாரினர வச்சுக்கலாம்ங்கற வரம்பு) இடிக்கும். சிட்டிசன் குழந்தைன்னா கவர்மெண்ட் திருப்பிக் குடுக்குது. ஃபாரினருக்கு எவன் குடுப்பான்? சின்ன கம்பெனி எப்படித் தாங்கும்னு யாராவது யோசிச்சீங்களா.

பக்கத்துசீட்_ஹெச்ஆர்:
அண்ணே, உங்க கஷ்டம் பொய்ன்னு சொல்லமாட்டேன். ஆனா கணக்கு தப்பு. சிட்டிசன் குழந்தையா இருந்தாலும் முதல், ரெண்டாவது பிரசவத்துக்கு முதல் 8 வாரம் முதலாளி பாக்கெட்ல இருந்துதான், கவர்மெண்ட் திருப்பித் தர்றது அடுத்த 8 வாரம் மட்டும், அதுக்கும் 4 வாரத்துக்கு 10,000 வெள்ளின்னு (சிங்கப்பூர் டாலர்) உச்சவரம்பு இருக்கு. மூணாவது குழந்தைல இருந்துதான் 16 வாரமும் அவங்க தராங்க. அப்ப உங்க கடைல ஒரு சிங்கப்பூர் பொண்ணு முதல் குழந்தை பெத்தாலும், கீர்த்தி மாதிரி ஒரு எஸ் பாஸ் பொண்ணு பெத்தாலும் உங்க கையவிட்டுப் போறது அதே 8 வாரம்தான். லெவிக்கும் ஒரு வழி இருக்கு, ஆளு லீவுல வெளிநாடு போயிருந்தா அந்த நாளுக்கு லெவி தள்ளுபடி கேக்கலாம், வருஷத்துக்கு 60 நாள் வரைக்கும். நிறைய முதலாளிங்க கேக்கறதே இல்ல.

சொந்தக்கடை_சிராங்கூன்:
லெவி விஷயம் தெரியாது, பாக்கறேன். கோட்டா பிரச்சனைக்கு நீங்க பதில் சொல்லல.

பக்கத்துசீட்_ஹெச்ஆர்:
அதுக்கு எங்கிட்டயும் பதில் இல்லண்ணே, உள்ளூர்ல பார்ட் டைம் ஆள் தேடறதுதான். ஆனா கோட்டா இடிக்குதுங்கறதுக்காக வயித்துப்புள்ளக்காரிகிட்ட தேதி போடாத ரிசைன் லெட்டர நீட்டறது நியாயமா?

ஜுரோங்_வெஸ்ட்_குமார்:
ஊர்ல, இந்தியாவுல, 2017லயே பிரசவ லீவ 26 வாரம் ஆக்கிட்டாங்க. மலேசியாவுல கூட 2023ல இருந்து 98 நாள். இங்க 8 வாரத்துக்கு இவ்வளவு பஞ்சாயத்து.

உட்லண்ட்ஸ்_உமா:
கீர்த்தி, எனக்கு இதவிட மோசமா நடந்துச்சு, அதனால சொல்றேன். நான் அப்ப இபி. ஆறாவது மாசத்துல திடீர்னு மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு பெர்ஃபார்மன்ஸ் சரியில்லன்னு டெர்மினேஷன் லெட்டர் குடுத்தாங்க, அதுக்கு முந்தின அப்ரைசல்ல அதே மேனேஜர்தான் நல்லா பண்றேன்னு எழுதியிருந்தாரு. எனக்கு அன்னிக்கு கை கொடுத்தது ஒரே ஒரு ஈமெயில். அதுக்கு முன்னாடியே நான் கிளினிக்ல இருந்து கர்ப்பம்னு, டியூ டேட் போட்டு ஒரு லெட்டர் வாங்கி ஹெச்ஆருக்கு அனுப்பி வச்சிருந்தேன். சட்டம் என்ன சொல்லுதுன்னா, 3 மாசம் வேலை பாத்த பொண்ணு, டிஸ்மிஸல் நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி டாக்டர் கர்ப்பம்னு சர்டிஃபை பண்ணியிருந்தா, போதிய காரணம் இல்லாம அவள அனுப்பினாலும் பிரசவ லீவு சம்பளத்த கம்பெனி குடுத்தே ஆகணும். ஆள் குறைக்கறோம்னு ரிட்ரெஞ்ச் பண்ணினாலும் அதே கதைதான். இதுல "நோட்டீஸுக்கு முன்னாடி"ங்கறதுதான் உயிர்நாடி. வாயால சொன்னேன், பேன்ட்ரில சொன்னேன், டீம் லன்ச்ல எல்லாரும் கங்கிராட்ஸ் சொன்னாங்க, இதெல்லாம் நாளைக்கு மீடியேட்டர் முன்னாடி நிக்காது. மெடர்னிட்டி லீவுல இருக்கும்போதே டிஸ்மிஸ் பண்ணினா அது குற்றமே, அதுல பேச்சே இல்ல.

புகார் குடுக்கறது டாட்எம்ல (வேலைத் தகராறுக்கு சமரசம் பேசற அமைப்பு), ஜூரோங் ஈஸ்ட்ல தேவன் நாயர் இன்ஸ்டிட்யூட் பில்டிங்ல இருக்கு, ஆனா ஆன்லைன்லயே போடலாம். முதல்ல ரெண்டு தரப்பையும் உக்கார வச்சு சமரசம் பேசுவாங்க, முடியலன்னா எம்ப்ளாய்மெண்ட் கிளெய்ம்ஸ் ட்ரிப்யூனல், அங்க வக்கீல் வைக்க முடியாது, அதனால கம்பெனி பெரிய ஆள கூட்டிட்டு வந்துடுவானோன்னு பயப்பட வேணாம். 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், யூனியன் மூலமா போனா 30,000. சாதாரணமா தப்பான டிஸ்மிஸல்னா வேலையோட கடைசி நாள்ல இருந்து ஒரு மாசத்துக்குள்ள போடணும், கர்ப்பமா இருக்கும்போது அனுப்பினா குழந்தை பிறந்து ரெண்டு மாசம் வரைக்கும் டைம் இருக்கு. ஆனா டைம் இருக்குன்னு ஊருக்குப் போயிடாதீங்க, டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே கிளெய்ம போட்டுடுங்க. என் கேஸ் சமரசத்துலயே முடிஞ்சுது. பணம் வந்துச்சு, வேலை திரும்ப வரல, நானும் கேக்கல.

தேக்கா_மாமா:
நான் சொன்னதுக்குக் காரணம் இதான். நீங்களா ரிசைன் பண்ணிட்டா டிஸ்மிஸலே நடக்கலன்னு ஆயிடும். உமா சொன்ன பாதுகாப்பு ஒண்ணும் வராது, 8 வார சம்பளமும் போச்சு. "திரும்பி வந்தா பாஸ் போட்டுக்கலாம்"னு சொல்றாங்கல்ல, அத ஒரு லைன் ஈமெயில்ல எழுதித் தரச் சொல்லிப் பாருங்க. தரமாட்டாங்க.

பொங்கோல்_கீர்த்தி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி தூக்கமே வரல, இத படிச்சதும்தான் கொஞ்சம் தெம்பு. இன்னிக்கு காலைல பாலிகிளினிக்ல போய் லெட்டர் கேட்டேன், கர்ப்ப வாரமும் எதிர்பார்க்கற தேதியும் போட்டு குடுத்தாங்க. அத ஸ்கேன் பண்ணி ஹெச்ஆருக்கும் என் மேனேஜருக்கும் சேர்த்து மெயில் அனுப்பிட்டேன். சண்டை போடற மாதிரி எதுவும் எழுதல. நான் கர்ப்பமா இருக்கேன், டாக்டர் லெட்டர் இணைச்சிருக்கேன், எம்ப்ளாய்மெண்ட் ஆக்ட்ல உள்ள 12 வார லீவ எடுக்க விரும்பறேன், தோராயமா இந்தத் தேதில இருந்து, போன வாரம் வாட்ஸ்அப்ல அனுப்பின ரிசிக்னேஷன் லெட்டருக்கு நான் சம்மதிக்கல, தொடர்ந்து வேலை செய்யறேன். அவ்வளவுதான். பிசிசில என் சொந்த ஜிமெயில போட்டுக்கிட்டேன். அந்த அக்கா மதியம் என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி போனாங்க.

உட்லண்ட்ஸ்_உமா:
ஜிமெயில் பிசிசி போட்டது சூப்பர். ஆபீஸ் மெயில கட் பண்ணினா எல்லாமே போயிடும். வாட்ஸ்அப் லெட்டரையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, மேல தேதி நேரம் தெரியற மாதிரி.

செம்பவாங்_அக்கா:
மேல அரவம் தம்பி சொன்னத எல்லாரும் திட்டிட்டு தாண்டிப் போயிட்டீங்க, ஆனா அது ஒரு கூட்டத்துக்கு நிஜமாவே நடக்குது. ஒர்க் பெர்மிட்ல இருக்கிற பொண்ணு இங்க கர்ப்பமாகக்கூடாது, பெத்துக்கவும் கூடாதுன்னு 2012 வேலை அனுமதி ஒழுங்குமுறைலயே நிபந்தனை இருக்கு. எம்ஓஎம் அனுமதியோட சிட்டிசனையோ பிஆரையோ (நிரந்தரவாசி) கல்யாணம் பண்ணவங்களுக்கு மட்டும் விலக்கு. வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணுங்கள ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மெடிக்கல் செக்கப்புக்கு கூட்டிட்டுப் போகணும்ல, அதுல பிரெக்னன்சி டெஸ்டும் ஒண்ணு. எங்க பிளாக்ல மூணாவது மாடில வேலை பாத்த பொண்ணு, தஞ்சாவூர் பக்கம், லீவுக்கு ஊருக்குப் போய் புருஷனோட இருந்துட்டு வந்துச்சு, அடுத்த செக்கப்ல தெரிஞ்சு போச்சு. முறைப்படி கட்டின புருஷன், ஊர்ல நடந்தது. எதுவும் கணக்குல வரல. பெட்டியக் கட்டிக் கிளம்பிருச்சு. ஏஜென்டுக்கு கட்டவேண்டிய கடன் பாக்கி இருந்துச்சு.

நான் வீட்டுக்கு ஆள் வச்சிருக்கறவதான், முதலாளி கஷ்டம் எனக்கும் தெரியும், ஆறு மாசத்துல ஆள் போயிட்டா என்ன பாடுன்னு தெரியும். அப்படியிருந்தும் சொல்றேன், கீர்த்திக்கு 12 வாரம் தர்ற அதே ஊரு, அடுத்த வீட்டுப் பொண்ண கர்ப்பம்னா குத்தவாளி மாதிரி ஃப்ளைட் ஏத்துது. எனக்கு இது மனசுக்கு ஒப்பல.

அரவம்77:
அக்கா நான் சொல்ல வந்ததும் அதான், எஸ் பாஸுக்கு வேறன்னு தெரியல. சாரி சிஸ்.

சொந்தக்கடை_சிராங்கூன்:
அக்கா, அந்த ரூல் எதுக்கு இருக்குன்னா குறைஞ்ச சம்பளத்துல குழந்தையோட இங்க குடும்பம் நடத்த முடியாதுன்னுதான். ரூல் தெரிஞ்சுதானே கையெழுத்து போட்டு வராங்க.

செம்பவாங்_அக்கா:
கையெழுத்து போட்டாங்க சரி. அந்தப் பேப்பர யாரு அவங்களுக்குத் தமிழ்ல படிச்சுச் சொன்னா? அந்த மாதிரி மாட்டிக்கிட்ட பொண்ணு யாராவது இத படிச்சீங்கன்னா, வீட்டு வேலைல இருக்கறவங்களுக்கு சிடிஇன்னு ஒரு உதவி மையம் இருக்கு, என்டியுசி தொழிற்சங்கம் 2016ல ஆரம்பிச்சது, வெளிநாட்டுத் தொழிலாளருக்கு உதவற ஹோம் அமைப்பும் இருக்கு. பயந்துட்டு யாரோ குடுக்கற மாத்திரைய மட்டும் வாங்கிப் போட்டுராதீங்க, உயிருக்கே ஆபத்து.

அப்பு_அப்பா:
கீர்த்தி, லீவு விஷயம் எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் பாஸ் விஷயம் சொல்றேன், ஏன்னா எங்க வீட்டுல மண்டையிடிச்சது அதுலதான். இங்க பெத்தா குழந்தைக்கு பர்த் சர்டிஃபிகேட் கிடைக்கும், குடியுரிமை கிடைக்காது. 42 நாளுக்குள்ள பிறப்பப் பதிவு பண்ணி, இந்தியன் ஹை கமிஷன்ல பாஸ்போர்ட் வாங்கி, குழந்தை இங்க தங்க ஒரு பாஸும் போடணும். அந்த டிபென்டென்ட்ஸ் பாஸ் வேணும்னா பாஸ் வச்சிருக்கவங்க சம்பளம் மாசம் 6,000 வெள்ளி இருக்கணும். உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது அந்தச் சம்பளம் வந்தா பிரச்சனையே இல்ல. அம்மாவ வருஷக்கணக்குல கூட வச்சுக்கலாம்னா அதுக்கு 12,000 வேணும், அது நமக்கெல்லாம் எட்டாது, விசிட்ல வரவழைச்சு நீட்டிக்கறதுதான் வழி.

செலவும் பாத்துக்குங்க. கேகே, என்யூஹெச் ஆஸ்பத்திரி ரெண்டுலயும் ஃபாரினருக்கு சப்சிடி கிடையாது, மெடிசேவும் (சிட்டிசன், பிஆரோட மருத்துவ சேமிப்பு) நமக்கு இல்ல, கம்பெனி போடற இன்சூரன்ஸ்ல பெரும்பாலும் பிரசவம் சேராது. பாலிசிய எடுத்துப் படிங்க. சிசேரியன் ஆச்சுன்னா பில் எங்கயோ போய் நிக்கும்.

பொங்கோல்_கீர்த்தி:
அண்ணா, எங்க ரெண்டு பேருக்குமே 6,000 இல்ல. அதனால ஊர்ல, திருச்சில அம்மா வீட்டுலதான் பிரசவம்னு முடிவு பண்ணிட்டோம். அங்க போய் பெத்தா இந்த 8 வார சம்பளம் வருமா?

பக்கத்துசீட்_ஹெச்ஆர்:
வரும். எங்க பெத்தீங்கன்னு சட்டம் கேக்கல, வேலைல இருந்தீங்களா, 3 மாசம் ஆச்சா, அதான் கேள்வி. பர்த் சர்டிஃபிகேட்ட மட்டும் அனுப்பி வைங்க.

ஆனா தேதிய சரியா கணக்கு போடுங்க, இதுலதான் நிறைய பேர் மாட்டுவாங்க. லீவு பொதுவா டியூ டேட்டுக்கு 4 வாரம் முன்னாடி ஆரம்பிக்கும், அதாவது 36ஆவது வாரம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஒத்தக் குழந்தைன்னா 36 வாரம் வரைக்கும்தான் ஏத்தும், 28க்கு மேல டாக்டர் லெட்டர் வேணும். லீவு தொடங்கற அன்னிக்கு ஏர்போர்ட்ல போய் நின்னா வேலைக்காகாது. கையில இருக்கிற ஆன்வல் லீவ முன்னாடி ஒட்டி எடுத்து 32, 33 வாரத்துல கிளம்பிடுங்க, அதுக்கும் மெயில்லயே அப்ரூவல் வாங்குங்க. பிரசவத்துக்கு அப்புறம் முதல் 4 வாரம் உங்கள வேலை வாங்கறது கம்பெனிக்கு குற்றம், மந்த் எண்ட் க்ளோசிங் மட்டும் கொஞ்சம் பாத்துக் குடும்மான்னு கேட்டா லேப்டாப்ப தொறக்காதீங்க. கடைசி 4 வாரத்த, கம்பெனி ஒத்துக்கிட்டா, குழந்தைக்கு ஒரு வயசு ஆகறதுக்குள்ள பிரிச்சுப் பிரிச்சும் எடுக்கலாம், மொட்டை, காதுகுத்துக்குப் போகவர உதவும்.

பொங்கோல்_கீர்த்தி:
அப்ப ரெண்டு மாசக் குழந்தைய அம்மாகிட்ட விட்டுட்டு வரணும்.

செம்பவாங்_அக்கா:
ஆமாம்மா. இங்க பாதி பேரு அப்படித்தான் வந்திருக்கோம். பால் கட்டிக்கும், வலிக்கும், இப்பவே டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோ, அத யாரும் முன்னாடி சொல்றதில்ல.

ஜுரோங்_வெஸ்ட்_குமார்:
அப்பாவுக்கு ஏதாவது லீவு உண்டா? என் வொய்ஃபுக்கும் இதே மாசம்தான்.

பக்கத்துசீட்_ஹெச்ஆர்:
சட்டப்படி இல்ல. அப்பாக்களுக்கு 2025 ஏப்ரல்ல இருந்து 4 வாரம்னு பேப்பர்ல வந்தது சிட்டிசன் குழந்தைக்கு மட்டும், ஷேர்டு பேரண்டல் லீவும் அப்படித்தான். நமக்கு ஆன்வல் லீவுதான். அப்புறம் வருஷத்துக்கு 2 நாள் சைல்டுகேர் லீவு உண்டு, 7 வயசுக்குள்ள குழந்தை இருந்தா, இது சிட்டிசன் இல்லாத குழந்தைக்கும் செல்லும். சில கம்பெனி தானாவே பெட்டர்னிட்டி லீவு தருவாங்க, ஹேண்ட்புக்க பாருங்க.

பொங்கோல்_கீர்த்தி:
அப்டேட். ஹெச்ஆர்ல இருந்து ரெண்டு வரி மெயில் வந்துருக்கு, 8 வாரம் பெய்ட், 4 வாரம் நோ பேன்னு அப்ரூவ்டு. லெட்டரப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

தேக்கா_மாமா:
பாஸ் ரினியூவல் நேரத்துல கொஞ்சம் உஷாரா இரும்மா. ரினியூ பண்றது கம்பெனி கையில இருக்கு, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இப்ப இருந்தே வேற வேலைக்கும் ஒரு கண்ணு வச்சுக்கோ. கர்ப்பத்தக் காரணம் காட்டி பாகுபாடு பண்ணக்கூடாதுன்னு ஒர்க்பிளேஸ் ஃபேர்னஸ் சட்டம் 2025 ஜனவரில பார்லிமெண்ட்ல பாஸ் ஆச்சு, ஆனா 25 பேருக்குக் குறைவா இருக்கிற கம்பெனிக்கு ஆரம்பத்துல விலக்கு குடுத்திருக்காங்க. உங்க கம்பெனில எத்தனை பேருன்னு பாத்துக்கோ.

மூணாவது_ராணி:
குறுக்க வர்றதுக்கு சாரி. எனக்கு ஏற்கனவே ரெண்டு குழந்தை, ரெண்டும் ட்வின்ஸ், ஒரே பிரசவம். இபில இருக்கேன். இப்ப மறுபடியும். எனக்கு சம்பளம் வராதுன்னு கம்பெனி சொல்லுது.

பக்கத்துசீட்_ஹெச்ஆர்:
வரும் ராணி. ரெண்டு குழந்தை இருந்தா சம்பளம் இல்லங்கற ரூல், அந்தக் குழந்தைங்க ரெண்டு தனித்தனிப் பிரசவத்துல பிறந்திருந்தாதான். உங்களுக்கு இது ரெண்டாவது பிரசவம், 8 வாரத்துக்கு சம்பளம் உண்டு. ட்வின்ஸோட பர்த் சர்டிஃபிகேட் ரெண்டையும் சேர்த்து ஹெச்ஆருக்கு மெயில் பண்ணுங்க, தேதி ஒரே தேதின்னு அவங்களே பாத்துக்கட்டும். ஒத்துக்கலன்னா இங்க வந்து எழுதுங்க.